மறுகரைக்கான பின்னிணைப்பு

நாவற்குடாவில் இருக்கும் மாகாணப் பொதி ஒருங்கிணைப்புச் சபையின் மேல்மாடியில் வேலை செய்கிறவர்கள் பொதி எதையும் கண்டதில்லை. பொதிகள் பின்பக்கக் களஞ்சியத்துக்கு வந்து பின்பக்கமாகவே போய்விடும். மேல்மாடியில் இருப்பவை அவற்றைப் பற்றிய கோப்புகள். சபை தொடங்கிய வருடம் கருவாட்டுப் பொதி ஒன்று வழிதவறி முன்வாசலால் மாடிக்கு ஏறிவிட்டதாம். அன்றைக்கு மூன்று உத்தியோகத்தர்கள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த கிழமை படிக்கட்டில் ஒரு கண்ணாடிக் கதவு போடப்பட்டது.

அந்தக் கதவுக்கு உட்புறம் தனுஷியாவுக்கு ஒரு மேசை கிடைத்தது. ஆறு மாத ஒப்பந்தம். பதவியின் பெயர் ஆவணப்படுத்தல் உதவியாளர். அவளுடைய ஊர் வாவிக்கு மறுகரையில், படுவான்கரைப் பக்கம், மருதஞ்சேனை. கிழமை நாட்களில் நாவற்குடாவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

அவள் ஆவணப்படுத்த வேண்டியது ஒரு கருவியை. பொதி வந்துசேரும் நேரக் கணிப்புக் கருவி என்று பெயர். மனிதர்கள் அதைப் பாவிப்பதில்லை. சனங்கள் இப்போது போனிலே வைத்திருக்கிற செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இருக்கின்றன அல்லவா, கேட்டதற்குப் பதில் சொல்லி, சாமான் ஓடர் பண்ணி, தாமாகவே அலுவல் பார்க்கிற மென்பொருட்கள், அவை பாவிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒருவர் தன் போனிடம் பொதி எப்போது வரும் என்று கேட்டால், முகவர் சபையின் கருவியைக் கேட்கும். கருவி ஒரு நாளும் நேரமும் சொல்லும். முகவர் அதை ஆளுக்குச் சொல்லும். ஆனால் கருவியை எப்படிக் கேட்பது, அது சொல்வதை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பது முகவருக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் ஒரு பக்க வழிகாட்டி விட்டுப் போயிருந்தார். அதில் இப்படி இருந்தது: “முகவர் பொதியைக் காண்பதில்லை, வீதியைக் காண்பதில்லை. நீங்கள் எழுதியதை மட்டுமே காண்கிறது. ஆகவே கருவி எப்போது உதவும், எப்போது உதவாது என்பதை நேராக எழுதுங்கள்.” தனுஷியாவுக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போயிற்று. எழுதுவதை ஒருவர் முழுதாக நம்பி வாசிக்கப்போகிறார் என்பது அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரிந்தது. மேசைக் கண்ணாடிக்குக் கீழே அதை வைத்துக்கொண்டாள்.

முதல் மாதம் அவள் ஒரு வரியும் எழுதவில்லை. முகவர்களை எப்படி விளித்து எழுதுவது என்று தீர்மானிக்க ஆவணக் குழு மூன்று தடவை கூடியது. பணிப்பாளர் திவாகரன் தலைமை வகித்தார். முன்னர் நீர்ப்பாசனத்தையும் அதற்கு முன்னர் கால்நடைகளையும் பார்த்தவர். இரண்டு இடத்திலும் தண்ணீரிலோ சாணத்திலோ கால் வைக்காமல் வெளியே வந்தவர் என்று அவரைப் பற்றி மரியாதையாகச் சொல்வார்கள். மென்பொருளை “நீ” என்று எழுதினால் நாளைக்கு அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பனி கோபித்துக்கொள்ளும் என்றார் கணக்காளர். “நீங்கள்” என்று எழுதினால் சபையின் தரம் குறைந்துவிடும் என்றார் நிருவாக உத்தியோகத்தர். நடுவே பொரித்த ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் வந்தன. மூன்றாம் கூட்டத்தின் முடிவில், வெளிநாட்டு முகவர்களைத் “தாங்கள்” என்றும், உள்நாட்டு முகவர்களை “நீர்” என்றும், தரம் இன்னும் நிர்ணயிக்கப்படாதவற்றை “மேற்படியார்” என்றும் குறிப்பிடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. எந்த முகவருக்கும் இதுவரை தரம் நிர்ணயிக்கப்படாததால் ஆவணம் முழுவதும் மேற்படியாருக்கே எழுதப்பட்டது.

இரண்டாம் மாதம் “தவறு” என்ற சொல் எடுக்கப்பட்டது. இப்படியான ஆவணங்களில் கருவி தவறும் இடங்களைப் பட்டியல் போடுவது வழக்கம் என்று தனுஷியா சொல்லிப் பார்த்தாள். பணிப்பாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். சபை தவறும் என்று சபையே எழுதிக் கையொப்பம் வைத்தால் கணக்காய்வுக்காரர் வந்து எத்தனை தடவை தவறியது என்று கேட்பார்களே என்றார். பொதி எங்கே இருக்கிறது என்று தெரியாத வேளையில் கருவி ஆரம்பத்தில் “தெரியாது” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சபைக்குத் தெரியாத ஒன்று இருப்பதாக எழுத்தில் கொடுக்க முடியாது என்று அதுவும் நீக்கப்பட்டது. அந்த இடத்தில் “நாளை காலை” என்று போடப்பட்டது.

கருவியைச் செய்தவன் ஓட்டமாவடிப் பொடியன் ஹில்மி. மேல்மாடியின் மூலையில் ஏசிக்குக் கீழே, கழுத்தைச் சுற்றித் துவாய் போட்டுக்கொண்டு இருப்பான். நேரத்தை எப்படிக் கணிக்கிறாய் என்று தனுஷியா அவனைக் கேட்டாள். அவன் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். பொதி எங்கே கிடந்தாலும் கணிப்பு நாவற்குடாத் தலைமையகத்திலிருந்துதான் தொடங்குமாம், ஏனெனில் சபைக்கு இடம் அதுதான். அங்கிருந்து மருதஞ்சேனைக்கு ஒரு நேர்கோடு போயிற்று. கோடு வாவியின் நடுவே போயிற்று. ஆறு கிலோமீற்றர். மணிக்கு நாற்பது வேகத்தில் ஒன்பது நிமிடம். கந்தோர் திறப்பது ஒன்பது மணிக்கு. ஆகவே மருதஞ்சேனைக்குப் போகும் எந்தப் பொதியும் காலை ஒன்பது ஒன்பதுக்குப் போய்ச்சேரும்.

“அந்த இடத்துல பாலம் இல்லையே,” என்றாள் அவள்.

“தெரியும் மிஸ். ஆனா அங்கீகரிச்ச மெப்ல இரிக்கி. பாலத்துக்கு அடிக்கல் நாட்டின நேரம் கீறின மெப். நான் பாலத்த எடுத்தா, அங்கீகரிச்ச மெப்ப மாத்தின எண்டு எனக்குத்தான் கடிதம் வரும்.”

பாலம் இல்லாத அந்த இடத்தைப் பொதிகள் உண்மையில் எப்படிக் கடக்கின்றன என்பது மத்தேயுவுக்குத் தெரியும். படுவான்கரைக்குப் பொதி கொண்டுபோகிற ஒரே ஆள் அவர்தான். ஐம்பது வயது, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மீன்பெட்டியைக் கழுவிப் பூட்டியிருப்பார். புளியடித்துறையில் ஊரார் பாதை என்று சொல்லும் இயந்திர மிதவையில் சைக்கிளை ஏற்றி அக்கரைக்குப் போவார். செவ்வாயும் வெள்ளியும். காற்றடித்தால் மிதவை ஓடாது. தரைவழியாகச் சுற்றிப் போகலாமே என்றால், கருவி சொல்லும் ஆறு கிலோமீற்றருக்குத்தான் சபை பெற்றோல் கொடுக்கும்.

“மகள், பொதி எப்ப வருமெண்டு என்னட்டக் கேட்டா நான் வாவியப் பாத்துத்தான் சொல்லுவன்,” என்றார் மத்தேயு, களஞ்சிய வாசலில் நின்று. “மேல இரிக்கிறவங்க வாவியப் பாக்காமச் சொல்றாங்க. அதுக்குத்தானே ஏசி போட்டுக் குடுத்திரிக்கி.”

அது மாசி மாதம். மருதஞ்சேனை வட்டையில் அறுபது ஏக்கர் பெரும்போக நெல் சாய்ந்து நின்றது. நாற்பத்துமூன்று பேருடைய வயல். கமக்காரர் அமைப்பின் வெட்டு மெசினில் பெல்ட் அறுந்துபோய்விட்டது. புதிய பெல்ட் கொழும்பிலிருந்து சபையின் பொதியாக வந்துகொண்டிருந்தது, அல்லது எங்கோ கிடந்தது. ஓட்டமாவடி முகைதீன்பாவாவிடம் இரண்டு மெசின் இருந்தது. வியாழன் பின்னேரம்வரை அவற்றை வேறு யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காமல் வைத்திருப்பார், அதற்குப் பிறகு மெசின்கள் லொறியில் ஏறிப் பொலன்னறுவைப் பக்கம் போய்விடும். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மழை என்று வானிலைக்காரர் சொன்னார்கள்.

இந்த விபரமெல்லாம் தனுஷியாவுக்குத் தெரியும். வட்டவிதானை அவளுடைய அப்பா அழகரத்தினம். வட்டையில் தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் போவது, வெட்டு எங்கே தொடங்குவது என்று பார்ப்பது வட்டவிதானையின் வேலை. போன போகத்தில் யாருடைய வயல் முதலில் என்று பெரிய சண்டை வந்து, விதானை ஆள் பார்த்துச் செய்கிறார் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அழகரத்தினம் எழுத்தில் இல்லாத எதையும் செய்வதில்லை. அமைப்பின் போனில் ஒரு முகவர் இருந்தது. அது சொல்வதை நாற்பத்துமூன்று பேருக்கும் காட்டி, அதன்படியே நடந்தார்.

திங்கள் மத்தியானம் தனுஷியா அவருக்குப் போன் பண்ணினாள்.

“பெல்ட் நாளைக்கு வருது புள்ள. ஒம்பது ஒம்பதுக்கு. மெசின் வேற கேக்கத் தேவல்ல எண்டு போன் சொல்லிற்று.”

“அப்பா, வராது. அந்தப் பெல்ட்ட இஞ்ச ஒருத்தரும் காணல்ல. காத்தும் அடிக்கிது, பாதை ஓடல்ல. முகைதீன்பாவாக்கிட்ட இப்பவே சொல்லுங்க.”

அழகரத்தினம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாப்பத்தி மூண்டு பேர்ட வயல், மகள். என்ட புள்ள போன்ல சொன்னவள் எண்டு நான் முடிவெடுக்க ஒண்ணா. மறுகா முகைதீன்பாவாக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் எண்டு கேப்பானுகள். உன்ட கந்தோர்தானே அத எழுதி வெச்சிரிக்கி. அத எழுதுறவளும் நீதானே. வராதெண்டா வராதெண்டு எழுது. எழுத்துல வந்த அந்த நிமிசம் நான் மெசினுக்குச் சொல்லுவன்.”

அவள் அன்று பின்னேரமே எழுதினாள். மூன்று வசனம். வாவியின் மறுகரையிலுள்ள முகவரிகளுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம். இதற்கு அந்தக் கரை தெரியாது. அங்கு பொதி செவ்வாயும் வெள்ளியும் மட்டும், காற்று இல்லாவிட்டால் போகும். எழுதி முடித்து ஆவணக் குழுவுக்கு அனுப்பினாள்.

செவ்வாய் காலை ஒன்பது ஒன்பதுக்கு மருதஞ்சேனைக்கு ஒன்றும் வரவில்லை. போன் அழகரத்தினத்திடம் மன்னிப்புக் கேட்டு, புதன் காலை ஒன்பது ஒன்பது என்றது. சபையின் மேல்மாடியில் யாரும் இதுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அதனால் அவருக்குப் போன்மேல் நம்பிக்கை கூடிவிட்டது.

புதன்கிழமை விசேட கூட்டம் கூடியது. தனுஷியாவின் கடதாசி ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்து ஒரு மூலையில் எண்ணெய் ஊறியிருந்தது. அவள் எழுந்து வட்டையையும் மழையையும் முகைதீன்பாவாவின் மெசின் புறப்படும் நாளையும் பற்றிச் சொன்னாள். கணக்காளர் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, அறுபது ஏக்கர் என்பது சரியாக அளந்த கணக்கா என்று கேட்டார். பணிப்பாளர் கையைத் துடைத்துக்கொண்டு பேசினார். அவர் கோபப்படவில்லை. வகுப்பெடுப்பது போலத்தான் பேசினார்.

“பாருங்க மிஸ். சனங்களுக்கும் எங்களுக்கும் ஒரு புரிந்துணர்வு இருந்தது. நாங்க நாளைக்கு எண்டு சொல்லுவம். அவங்க அடுத்த கிழமை எண்டு விளங்கிக்கொள்ளுவாங்க. அடுத்த கிழமை எண்டு சொன்னா வராதெண்டு விளங்கிக்கொள்ளுவாங்க. ஒருத்தரும் ஒருத்தரையும் ஏமாத்தல்ல. நான் முப்பத்தொரு வருசம் சேவையில இருந்தன், ஒரு நாளும் ஒருத்தரும் நான் எழுதினதை நம்பி நட்டப்பட்டதில்ல. ஏனெண்டா ஒருத்தரும் நம்பினதில்ல. அதுதான் நல்ல நிருவாகம். இப்ப இந்த மென்பொருள் நடுவுல வந்து நிண்டு நாங்க எழுதினதை அப்படியே நம்புது. இது எங்கட பிழையா? நம்புறவன்ட பிழை. பயன்படுத்த வேண்டாம் எண்டு ஒரு அரச சேவை தன்னைப் பத்தி எழுத ஏலுமா? மறுகா எல்லாரும் பயன்படுத்தாம விட்டா நாங்க எல்லாரும் என்ன செய்யிறது?”

கடைசிக் கேள்விக்கு அறையில் உண்மையான கவலை பரவியது. ஆகவே வசனங்கள் திருத்தத்துக்கு எடுக்கப்பட்டன. “வேண்டாம்” என்பது எதிர்மறைச் சொல் என்று எடுக்கப்பட்டது. “தெரியாது” ஏற்கெனவே தடை செய்யப்பட்ட சொல். “காற்று” சபையின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளது. இரண்டு மணித்தியாலம் கழித்து மூன்று வசனங்களும் ஒரே வசனமாகி வெளியே வந்தன:

“மறுகரை முகவரிகள் தொடர்பில் இக்கருவியின் பயன்பாடானது உரிய தரப்பினரின் ஒத்துழைப்புடன் தொடர்ந்தும் மேம்படுத்தப்பட்டு வருவதை மேற்படியார் கவனத்திற்கொள்வார்.”

ஹில்மி அதைக் கருவியின் ஆவணத்தில் ஏற்றிவிட்டு, ஒரு முகவரிடம் மருதஞ்சேனைப் பெல்ட்டைப் பற்றிக் கேட்டுப் பார்த்தான். சேவை மேம்படுத்தப்பட்டிருப்பதால் பெல்ட் நாளை காலை ஒன்பது ஒன்பதுக்கு முன்னரேயும் வரலாம் என்று அது மகிழ்ச்சியோடு தெரிவித்தது.

தனுஷியா கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். கைகளில் ரோல்ஸ் எண்ணெய் மணத்தது. அவள் ரோல்ஸ் சாப்பிட்டிருக்கவில்லை, அந்தக் கடதாசியைத்தான் தொட்டிருந்தாள். எத்தனை தடவை சவர்க்காரம் போட்டும் மணம் போகவில்லை.

வியாழன் காலை அவள் ஆவணத்தின் முழுப் பிரதியையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். பிரதான பகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் குழு அடித்துத் திருத்தியிருந்தது. பின்னால் மூன்று பின்னிணைப்புகள். அ, சபை தாபிக்கப்பட்ட அறிவித்தல். ஆ, குழு உறுப்பினர்களின் பெயரும் தகைமையும். இ, அடிக்கல் நாட்டு விழாப் படங்கள். அவற்றில் ஒரு பேனாக் கீறலும் இல்லை. பின்னிணைப்பைச் சபையில் யாரும் வாசிப்பதில்லை, பக்கத்தைத்தான் எண்ணுவார்கள். பக்கம் கூடினால் ஆவணத்துக்குக் கனம் கூடும்.

அவள் ஹில்மியிடம் போய், முகவர்கள் பின்னிணைப்பை வாசிக்குமா என்று கேட்டாள்.

“எல்லாத்தையும் வாசிக்கும் மிஸ். அதுகளுக்குக் களைப்பில்ல. உதாரணம் குடுத்தீங்களெண்டா விதிய விட அதத்தான் கூட நம்பும்.” அவன் துவாயை இழுத்து விட்டுக்கொண்டு மேலும் சொன்னான்: “எங்கட ஆக்கள் மாதிரித்தான்.”

மத்தியானத்துக்குள் அவள் “பின்னிணைப்பு ஈ: உதாரணங்கள்” என்று பதினொரு பக்கம் எழுதி முடித்தாள். முதல் ஆறு பக்கத்திலும் கல்லடிக்குப் பூச்சாடி, ஆரையம்பதிக்குப் புத்தகம், எல்லாம் சரியாகப் போய்ச்சேர்ந்தன. ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

“ஒருவர் மருதஞ்சேனைக்கு வெட்டு மெசின் பெல்ட் எப்போது வரும் என்று கேட்கிறார். கருவி ‘நாளை காலை 9.09’ என்கிறது. இது உண்மையல்ல. கருவி இல்லாத பாலம் ஒன்றின்மேல் பொதியைக் கொண்டுபோகிறது. கேட்டவரிடம் மேற்படியார் சொல்ல வேண்டியது: பொதி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, மறுகரைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், வேறு வழி இருந்தால் இன்றே பாருங்கள்.”

எட்டாம் பக்கத்திலிருந்து மறுபடியும் பூச்சாடிகள்.

மூன்று மணிக்குப் பணிப்பாளரின் மேசையில் அதை வைத்தாள். அவர் தட்டை ஒரு கையால் தள்ளிவிட்டு மறுகையால் பக்கங்களைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் அவருடைய பெருவிரல் எண்ணெயோடு ஒரு தரம் ஊன்றி எடுத்தது.

“எத்தின பக்கம்?”

“பதினொண்டு சேர்.”

“நல்லம். கொழும்புக்காரன் எப்பவும் எங்கட ஆவணம் மெல்லிசு எண்டுதான் சொல்றவன்,” என்று கையொப்பம் வைத்தார்.

மூன்று நாற்பதுக்கு ஹில்மி அதை ஏற்றினான். நாலு பத்துக்கு அழகரத்தினத்தின் போன் வந்தது. அமைப்பின் போன் இப்போது சொன்னதை அவர் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

“எழுத்துல வந்திற்று, மகள். எல்லாருக்கும் காட்டின. முகைதீன்பாவாக்குச் சொல்லியாச்சி.”

வெள்ளி காலை மெசின்கள் செங்கலடிப் பக்கத்தால் சுற்றி வந்து வட்டையில் இறங்கின. ஞாயிறு பொழுது சாயும்வரை வெட்டினார்கள். திங்கள் மழை இறங்கியபோது ஓரத்திலிருந்த இரண்டு துண்டு வயல்தான் மிச்சம் நின்றது. அவற்றில் ஒன்று அழகரத்தினத்தினுடையது. அவர் தன்னுடையதைக் கடைசியில் விட்டிருந்தார்.

அதற்கு அடுத்த கிழமை காற்று ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமை மத்தேயு களஞ்சியத்தின் பழைய மெத்தைகளுக்குப் பின்னால் அந்தப் பெல்ட்டைக் கண்டெடுத்து, பாதையில் ஏற்றிக்கொண்டு போய் மருதஞ்சேனையில் ஒப்படைத்தார். வியாழக்கிழமை அவருக்கு விளக்கம் கோரும் கடிதம் ஒன்று கொடுக்கப்பட்டது. எப்போது வரும் என்று சொல்ல முடியாதெனச் சபையின் ஆவணத்தில் அறிவிக்கப்பட்ட பொதியை வேண்டுமென்றே கொண்டுசென்று சேர்த்ததன் மூலம் கணிப்பின் துல்லியத்தைப் பாதித்தமை தொடர்பாக, ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை அவர் வேலைக்கு வரத் தேவையில்லை.

ஏழாம் பக்கத்தை மேல்மாடி கண்டுபிடித்துவிட்டது என்று தனுஷியாவுக்கு அப்போது விளங்கியது. ஒரு மாதம் கழித்துப் பணிப்பாளர் கூப்பிட்டபோது அவள் கைப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள், அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று. அவர் எழுந்து நின்று அவளை வரவேற்றார். மேசையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு கேடயம் பளபளத்தது. கணிப்புத் துல்லியத்துக்கான விருது.

நடந்தது இதுதான். முகவர்கள் எல்லாம் ஏழாம் பக்கத்தை வாசித்துவிட்டன. படுவான்கரையில் யார் கேட்டாலும் காத்திருக்க வேண்டாம் என்றன. சனங்கள் காத்திருக்கவில்லை. ஓடர் பண்ணுவதையும் விட்டுவிட்டார்கள். அந்தக் கரையிலிருந்து வந்துகொண்டிருந்த முறைப்பாடு ஒரு மாதத்தில் பூச்சியமாகிவிட்டது. வராது என்று சொல்லி, வராமல் இருந்த பொதிகள் எல்லாம் சரியான கணிப்பாகப் பதியப்பட்டன.

“நாங்க இவ்வளவு காலமும் பொதியக் கணிப்புக்குச் சரியா அனுப்பப் பாத்தம்,” என்றார் பணிப்பாளர். அவருடைய கண்களில் ஒரு ஈரம் இருந்தது. “அதுதான் பிழை. கணிப்பு நூத்துக்கு நூறு சரியா இரிக்கணுமெண்டா பொதி போகக்கூடாது. இவ்வளவு சின்ன விசயம் எனக்கு முப்பத்தொரு வருசமா விளங்கல்ல. நீங்கதான் விளங்கப்படுத்தினீங்க. மத்தேயு மாதிரி ஆக்கள் தன்ட இஷ்டத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்து எங்கட பேரக் கெடுக்காட்டி சரி.”

நிரந்தர நியமனக் கடிதத்தை அவளிடம் நீட்டினார். அதோடு ஒரு பட்டியல். வாகரைப் பக்கமும் வெல்லாவெளிப் பக்கமுமாகப் பதினொரு ஊர். போக்குவரத்துக் கரைச்சலான ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழாம் பக்கம் மாதிரி ஓர் உதாரணம் எழுத வேண்டும், மாத முடிவுக்குள்.

தனுஷியா பட்டியலை வாசித்தாள். ஒவ்வொரு ஊரின் பெயருக்குப் பக்கத்திலும் வீடுகளின் எண்ணிக்கை இருந்தது. அவள் எழுதியதை முதன்முதலாக இந்த அறையில் ஒருவர் வாசித்து, விளங்கி, ரசித்திருக்கிறார். அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

மேசைக்கு வந்து இரண்டு வரியில் பதவி விலகல் கடிதம் எழுதினாள். ஊழியர் பிரிவில் இருந்த இலிகிதர் அதை வாங்கி, பெயரையும் முகவரியையும் பார்த்து, அனுதாபத்தோடு தலையசைத்தார். விலகலை ஏற்றுக்கொண்டதாகச் சபை பதில் அனுப்பினால்தான் அது செல்லும். பதிலை நிரந்தர முகவரிக்கு, சபையின் சேவையாலேயே அனுப்ப வேண்டும் என்பது விதி. அவளுடைய நிரந்தர முகவரி மருதஞ்சேனை.

“அங்க எங்கட சேவை இப்ப இல்லயே மிஸ். நீங்கதானே எழுதினீங்க.”

“அப்ப நான் எப்பிடிப் போற?”

“போகலாம். ஆனா விலகின எண்டு கணக்கில்ல. பதில் கையில கிடைக்கும் வரைக்கும் நீங்க சபைட உத்தியோகத்தர்தான். இந்தக் கரையில ஒரு வீடு பாருங்களன்.”

பேசும்போது அவர் கால்களை ஒரு சாக்கின்மேல் வைத்திருந்தார். சாக்கின் கழுத்தில் ஓர் அட்டை கட்டியிருந்தது: கணிப்புக்கு முரணானவை. தனுஷியா குனிந்து சாக்கின் வாயை விரித்துப் பார்த்தாள். மறுகரைக்கென்று ஏற்கெனவே வந்து, மத்தேயு இல்லாததால் கிடந்த பொதிகள். அவருக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எல்லாம் இங்கேதான் மேலே வந்திருக்கின்றன. அவற்றின்மேல் வாசனைத் தெளிப்பான் அடித்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி, கண்ணகை என்று பெயர். உயர்தரப் பரீட்சை வினாத்தாள் கட்டு. தையல் மெசின் சாமான் ஒன்று. நீரிழிவு மருந்து, குளிரில் வைக்கவும் என்று ஒட்டியிருந்தது. அது குளிரில்தான் இருந்தது, இலிகிதரின் சப்பாத்துக்குக் கீழே.

“காலை எடுங்க,” என்றாள்.

அவர் எடுத்தார். சாக்கு பாரமாக இருந்தது. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, அதைப் படிபடியாக இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். வீதியின் மறுபக்கத்தில் மத்தேயு மோட்டார் சைக்கிளோடு நின்றார். காலையில் அவர்தான் அவளிடம் கேட்டிருந்தார், பாதை ஓடுது, ஆர்டயாவது பொதி கிடந்தாச் சொல்லு மகள் என்று.

கேற்றடியில் காவலாளி எழுந்தார். சபையின் சொத்தை வெளியே கொண்டுபோவதென்றால் உத்தியோகத்தர் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும் என்றார். தனுஷியா தன்னுடைய அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் சலாம் போட்டுவிட்டுப் பதிவேட்டை விரித்தார். தேதி. சாக்கு, ஒன்று. கொண்டுபோகிறவர் பெயர், பதவி, கையொப்பம். எல்லாவற்றையும் எழுதினாள்.

“கடைசிக் கட்டத்தையும் நிரப்புங்க மிஸ். எத்தின மணிக்குத் திரும்பி வருவீங்க எண்டு.”

தனுஷியா அந்தக் கட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு கிழித்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தாள்.